துரை வீட்டு ஏழு பலகாரம்

கடல் தாண்டி வந்து, காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை வீட்டுக் குசினிக்காரனாக இருந்தேன். மற்றத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் தேத்தண்ணீர் குடிப்பவர்கள். எங்கள் துரை சுவீடன் தேசத்துக்காரர், காப்பிப் பைத்தியம். பிற்பகல் மூன்று மணி அடித்தால் பங்களாவில் எல்லா வேலையும் நின்றுவிடும். காப்பி மேசையில் வேலைப் பேச்சு கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். துரைசாணி எனக்கு ரொட்டி மாவில் ஏலக்காய் தட்டிப் போடச் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்த என் அக்காவிடம் சொன்னபோது, பாயசத்துக்கு வைத்திருப்பதை ரொட்டியில் கொட்டுகிறார்களா என்று சிரித்தாள்.

அவர்கள் ஊர்க்காரர் யாராவது கப்பலில் இந்தப் பக்கம் போனால், இறங்கி எங்கள் பங்களாவுக்கு ஒருநாள் வருவார்கள். அவர்களுக்கு ஏழு வகைப் பலகாரம் வைக்கவேண்டும். வகைக்கு ஒன்று தின்றே ஆகவேண்டும். விட்டால் வீட்டுக்காரிக்கு அவமானம். தின்றுவிட்டு, இரண்டாம் கோப்பையும் குடித்துவிட்டுக் கப்பலேறிப் போய்விடுவார்கள். தோட்டத்தில் தங்குகிற யாருக்கும் நான் ஏழு வகை செய்ததே இல்லை.

ரப்பர் விலை விழுந்த வருடம் அது. பக்கத்துத் தோட்டங்களில் லயம் லயமாக ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா பிள்ளைத்தாய்ச்சி. முன்பே இரண்டு தங்கவில்லை. கப்பலில் ஏற்றினால் இதுவும் தங்காது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அக்கா புருஷன், என் அத்தான், எங்கள் தோட்டத்துக் கங்காணி. டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி வேலை இருக்கிறது, புதன்கிழமைக்குள் வந்தால் தருவார்கள் என்று அவருக்குத் தகவல் வந்தது.

அந்தப் புதன்கிழமை காலையில் துரைசாணி குசினிக்கு வந்தார். மூன்று மணிக் காப்பிக்குக் கங்காணியை அழைத்திருப்பதாகச் சொன்னார். ஏழு வகையும் செய் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழு வகை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது.

சற்று நேரத்தில் அத்தான் பின்வாசலுக்கு வந்தார். டெங்கிலுக்குப் போவதற்காக வெளுத்த கோட்டு போட்டிருந்தார்.

"துரை என்னைத் தன் மேசையில உட்கார வைக்கிறாரு மச்சான். அப்படிப்பட்டவரு நம்மள விட்டுருவாரா? டெங்கிலுக்குப் போகணுமா?"

சொல்லியிருக்கலாம். சொல்லி அவர் போய்விட்டால், யார் சொன்னது என்று துரைக்குத் தெரிந்துவிடும். என் சோற்றிலும் மண் விழும். நான் பயந்தாங்கொள்ளி. மாவைப் பிசைந்துகொண்டே, "உங்க இஷ்டம் அத்தான்" என்றேன்.

டெங்கிலுக்குப் போகாமல் அத்தான் மூன்று மணிக்கு மேசையில் உட்கார்ந்தார். துரை தன் கையாலேயே காப்பி ஊற்றினார். துரைசாணி தட்டுத் தட்டாக நீட்டினார். மழையைப் பற்றிப் பேசினார்கள், அக்காவின் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள். அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏழாவதையும் அவர் மென்று விழுங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

நான் கோப்பைகளை எடுத்த பிறகுதான் துரை ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். லயத்து ஆட்கள் அத்தனை பேரும் அடுத்த கப்பலில் ஊருக்கு. ஆளில்லாத தோட்டத்தில் கங்காணிக்கும் வேலையில்லை. அவர்கள் வீட்டில் தின்ற வாயால் அத்தானுக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டார். மறுநாள் டெங்கிலுக்கு ஓடினார். அங்கே வேறு ஆள் வந்துவிட்டான்.

என்னை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நல்ல ரொட்டி போடுகிறவன் கிடைப்பது கஷ்டமாம்.

கப்பல்துறையில் அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா மச்சான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரிஞ்சிருந்தா என் தம்பி சொல்லாம இருப்பானா?" என்றாள்.