தூண்களுக்கு நடுவே சித்தப்பாவின் குரல்

மில்லில் சூப்பர்வைசரிடம்கூடக் குரலைத் தாழ்த்தாத என் சித்தப்பா, கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அந்தப் பெரிய அலுவலகத்தின் படியில் செருப்பைக் கழற்றினார். வராந்தாவில் ஏறியதும், "பொறப்பு சர்ட்டிபிகேட் எங்கடா குடுப்பாங்க?" என்று கிசுகிசுத்தார். மகளைப் பள்ளியில் சேர்க்க அது வேண்டும். எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். இந்த மனுஷரை அடக்கியது எது? நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து வலிக்கும் உயரத்துக்கு வெள்ளைத் தூண்கள்.

எண்பதுகளின் தொடக்கம். கல்லூரியில் மெய்ப்பாடு பாடம் நடந்துகொண்டிருந்தது. சுவை பார்ப்பவனுக்குள் விளைகிறது, பொருள் அதற்குக் காரணம் மட்டுமே, உள்ளே விளைந்தது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு என்றார் ஆசிரியர். எடுத்துக்காட்டெல்லாம் கூத்தும் பாட்டும். கட்டடத்தை ஏன் விட்டுவிட்டார்கள்? வரும் திங்கட்கிழமை கல்லூரித் தமிழ் மன்றத்தில் பேச நானே பெயர் கொடுத்தேன். தூணும் அச்சம் தரும், வியப்பு தரும். சித்தப்பாவின் செருப்பே சாட்சி!

அதற்குள் சான்றிதழ் வாங்க மறுபடியும் அங்கே போனோம். வெள்ளையடிப்பு நடந்ததால் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மேசை போட்டிருந்தார்கள். அங்கேயும் செருப்பைக் கழற்றினார்.

"இங்கதான் தூணே இல்லியே, சித்தப்பா?"

"தூணா? எந்தத் தூணு?" கொட்டகையே அதிரக் கேட்டார். "கையெழுத்துப் போடறவரு கண்ணுல செருப்பு பட்டா நாளைக்கு வான்னுடுவாரு. காலேஜ் படிக்கிறானாம், இது தெரியல!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். திங்கட்கிழமைச் சிரிப்பு எனக்கு அப்போதே கேட்டது.

ஆனாலும் அவர் பதிலை நான் நம்பவில்லை. தூணையே பார்க்காதவர் அன்று ஏன் கிசுகிசுத்தார்? தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை அது. செருப்பு குமாஸ்தாவுக்கு என்றால், கிசுகிசுப்பு யாருக்கு? கட்டடத்துக்கா? அல்லது அந்த வராந்தாவின் எதிரொலியில் தன் குரலே அவருக்குக் கூச்சமாகிவிட்டதா? நான் உற்றுப் பார்ப்பது தெரிந்து கதை விடுகிறாரோ?

ஞாயிற்றுக்கிழமை அங்கே குமாஸ்தா இருக்கமாட்டார். வராந்தா திறந்தே கிடக்கும். கடற்கரைக்குப் போகலாம் என்று சித்தப்பாவை அழைத்துப் போய், தூண்களுக்கு நடுவே நிறுத்தி, மில் வேலைநிறுத்தக் கதையைக் கேட்பது என்று முடிவு செய்தேன். அதை அவர் ஒருநாளும் மெல்லச் சொன்னதில்லை.