துடுப்பக்கா துடைத்து வைத்த ஏரி

கையில் துடுப்பு இல்லாத நேரத்தில் அவள் வாயே துடுப்பு; அதனால் துடுப்பக்கா. ஏரிக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களைப் படகில் கொண்டுபோய் விடுவது அவள் பிழைப்பு. அந்தப் பிழைப்பின் மேல் ஆகாயத்தாமரை பாய் விரித்துப் படுத்துவிட்டது. படகு நகரவில்லை. ஆட்கள் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வந்தேறிச் செடியை ஒழிக்க அரசாங்கம் மானியம் தருகிறது, அதிகாரி பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. யாராவது வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்கத்தானே தோன்றும்? அக்காவும் புருஷனும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகுத்துறையைச் சுற்றிச் செடியை அள்ளி, கண்ணாடியாகத் துடைத்து வைத்தார்கள்.

அதிகாரி கரையிலேயே நின்றார்.

"செடி எங்கம்மா?"

"வளைவு தாண்டினா தரையா தண்ணியான்னே தெரியாது சார். படகுல ஏறுங்க, காட்டுறேன்."

"எனக்கு நீச்சல் தெரியாது. இங்கதான் சுத்தமா இருக்கே, மானியம் எதுக்கு?"

"பல்லு வலின்னு வந்தவன் வாயைக் கொப்புளிச்சிட்டு வந்தா, வலியே இல்லைன்னு அனுப்பிடுவீங்களா சார்?"

அனுப்பிவிட்டார்.

"அப்படியே போட்டு வைன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் புருஷன்.

"எப்போ? தண்ணிக்குள்ள மூச்சு வாங்கும்போதா?"

மானியம் எங்கே போயிற்று? அதிகாரியின் அலுவலக வாசலில் ஒரு நீரூற்றுத் தொட்டி. அழகுக்கென்று யாரோ போட்ட ஆகாயத்தாமரை அதிலும் மண்டியிருந்தது. நாற்காலியை விட்டு எழாமலே ஆய்வு செய்யலாம், செருப்பு நனையாது. உடனே ஒப்புதல், இயந்திரம், ரிப்பன், புகைப்படம். எருமை ஒன்று படுத்தால் நிரம்பிவிடும் தொட்டியை மீட்ட மாவீரர்களுக்குக் கைதட்டல் வேறு. வெட்கம் என்ற சரக்குக்கும் யாராவது மானியம் ஒதுக்கினால் தேவலை.

அள்ளிய செடியோடு லாரி நேராக வந்து நின்றது துடுப்பக்காவின் துறையில்.

"இங்கதான் கொட்டச் சொன்னாங்கக்கா. ஏற்கனவே கிடக்குதாமே" என்றார் ஓட்டுநர்.

அக்கா கத்தவில்லை. புருஷனுக்கு அதுதான் பயம்.

"ஏங்க, அந்த முனையைப் பிடிங்க."

இருவரும் படகைக் கரையேற்றி, லாரிக்கும் தண்ணீருக்கும் நடுவே குறுக்காகப் போட்டார்கள். அக்கா அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"உங்க சாரை வரச் சொல்லு தம்பி. படகு இப்போ தரையில இருக்கு. நீச்சல் தெரியாதவங்களும் தாராளமா ஏறலாம்."

இதை எழுதும்வரை லாரி அங்கேயே நிற்கிறது. படகும்தான். சார் கூட்டத்தில் இருக்கிறாராம்.