தெப்பக்குளத்தை இடமாகச் சுற்றியவர்

என் கணவருக்குப் பீச்சாங்கைதான் பேசும். ஷட்டில் மட்டையை இடது கையில் பிடித்து அவர் அடிக்கிற அடி எதிராளிக்குப் பிடிபடவே ஒரு செட் ஆகிவிடும். விளாங்குடியில் ஒரு தகரக்கூரை கோர்ட்டில் முப்பது வருஷம் காலை ஆட்டம் ஆடியவர். போன ஆடியில் லேசான பக்கவாதம் வந்தது. வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்தார். இடது கை மட்டும் தன் பாட்டுக்குத் தொங்கியது.

நான் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். விசிலும் அதட்டலுமாகவே காலம் ஓடிவிட்டது. "ஆறு மாசத்துக்குள்ள அசைச்சுப் பழக்கிரணும் டீச்சர். வீட்டுக்குள்ளயே உக்காந்தா கை அப்படியே நின்னுபோகும்" என்று பிசியோதெரபி பெண் சொன்னதை எனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டேன். இவரோ வாசலைத் தாண்ட மறுத்தார். எங்கள் கோச்சடையில் பால் வாங்கப் போனால்கூட நாலு பேர் நிறுத்தி, "இப்ப எப்படிண்ணே இருக்கு, கை தூக்க வருதா?" என்று கேட்பார்கள். பாசம்தான். ஆனாலும் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்ப்பார்கள். ஷட்டில் கூட்டாளி ஒருவர் வந்து "மாப்ள, எப்ப வார?" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தபோது, இவர் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

முகம் தெரியாத இடமாகத் தேடினேன். இவ்வளவு பெரிய ஊரில் உடம்பை அசைக்க இடமா இல்லை? ஜும்பா வகுப்பில் சேர்த்துவிட்டேன். பாட்டு போட்ட முதல் நிமிஷமே அவர் நாற்காலி தேடி உட்கார்ந்துவிட, கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று நான் ஆடி எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. நீச்சல்குளத்தில் அரை மணி நேரம் கம்பியைப் பிடித்தபடி, பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றார். ஒரு பூங்காவில் கூட்டமாகக் கைகளைத் தூக்கிச் சிரிக்கிற மன்றம் ஒன்று இருந்தது. இவர் கையையும் தூக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "கையத் தூக்காமச் சிரிச்சா ஒத்துக்கிற மாட்டாகளாமா?" என்றார். அன்று வீடு வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

கடைசியாகத்தான் தெப்பக்குளம். மார்கழி இருள் பிரிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். இடுப்பளவு சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நடு மண்டபம் பனியில் பாதி கரைந்து, மீதிப் பாதி தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. எது மேலே, எது கீழே என்று ஒரு நிமிஷம் எனக்கே குழம்பியது. சுற்றிலும் ஸ்வெட்டரும் மப்ளருமாக ஜனங்கள், தூக்கத்திலேயே நடப்பது போல, ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். மதுரைக்காரருக்கு, நடுவில் ஒரு மண்டபம் இருந்தால் போதும், கால் தானாக வலமாகத்தான் சுற்றும். சர்க்கரை குறைய நடந்தாலும் சரி, தொப்பை குறைய நடந்தாலும் சரி, மண்டபம் வலது கைப்பக்கம் இருந்தாக வேண்டும்.

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டி நிமிர்வதற்குள் இவர் ஐம்பது அடி போயிருந்தார். அதுவும் இடமாக! எதிரே வந்தவர்கள் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

"என்னங்க இது, சாமி மண்டபத்தப் போயி இடமாச் சுத்துறீக! பட்டது பத்தாதா?"

"இப்படியே போறேனே" என்றார், மெதுவாக.

"திரும்புங்க" என்றேன். தோளைப் பிடித்துத் திருப்பியும் விட்டேன். என் பள்ளிப் பிள்ளைகள் போல அவரும் மறுபேச்சில்லாமல் திரும்பினார்.

பாதிச் சுற்றில் விழுந்தார். பெரிய அடியில்லை. நடுப்பாதையில் வலது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த ஒருவர் "கையக் குடுங்கண்ணே" என்று அந்த இடது கைக்கு நேராக நீட்டினார். கை எழவில்லை. நீட்டியவருக்கும் மடக்கத் தோன்றவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார்: "இனிமே எங்கயும் வரமாட்டேன். என்னைய விட்டுரு."

சிராய்ப்புக்கு மருந்து போட உட்கார்ந்தேன். வலது உள்ளங்கையில் மண். அது விழுந்ததில் ஒட்டியது. இடது கையின் விரல் நுனிகளில் மட்டும் காவியும் சுண்ணாம்பும் கோடு கோடாக ஒட்டியிருந்தது. அந்தக் கை தரையையே தொடவில்லையே என்று யோசித்தேன். பிறகு உறைத்தது. குளத்தைச் சுற்றிய சுவரில் அடித்திருக்கிற காவி அது. இடமாக நடந்தால்தான் சுவர் அவருக்கு இடது பக்கம் வரும். யாரும் சொல்லாமல், யாரும் அதட்டாமல், அந்தக் கை இடுப்பு உயரம் எழுந்து, ஐம்பது அடி சுவரைத் தடவிக்கொண்டு போயிருக்கிறது. நான்தான் அவரைத் திருப்பி, அந்தக் கைக்குச் சுவரில்லாமல் செய்திருக்கிறேன். இருநூறு பிள்ளைகளின் முழங்கை மடங்குவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள் நான். வெட்கமாக இருந்தது.

"நாளைக்கும் போவோம்" என்றேன். "நீங்க உங்க பக்கமாவே போங்க."

"சாமி?"

"அது நம்மளவிட வெவரமானது. புரிஞ்சுக்கிரும்."

இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு வந்தார். அவர் இடமாக, நான் வலமாக. நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் எங்காவது எதிரே வந்துவிடுவார். பனிக்குள்ளிருந்து முதலில் மப்ளர் தெரியும், அப்புறம் சுவரைத் தடவும் கை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு எதிரே நடந்து வருவதை இத்தனை தடவை பார்த்ததில்லை. எப்போதும் ஒருவர் முதுகைப் பார்த்துத்தான் இன்னொருவர் போயிருக்கிறோம். அந்த மார்கழியும் தையும் ஒரே நீண்ட காலையாகத்தான் எனக்கு நினைவிருக்கிறது. அவரைக் காணாத கரைகளில் வேகமாக நடந்தேன்.

மாசியில் ஒரு நாள். பனி விலகி மண்டபம் பளிச்சென்று நின்றது. கோயில் இருக்கும் கரையில் எதிரே வந்தவர், என்னைக் கண்டதும் சுவரிலிருந்து கையை எடுத்தார். அது மார்பு வரை வந்து, நடுங்கி, தோளைத் தொடும் உயரத்துக்கு எழுந்தது. நான் நடுப்பாதையில் நின்று அழுதுவிட்டேன்.

"நடங்க டீச்சர், ஏன் நிக்கிறீக?" என்றார்.

அந்தக் கையை அவர் சுவருக்குக் கொண்டுபோவதற்குள், நான் திரும்பி, அவருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டேன். கை என் தோளில் இறங்கியது. கனமாக இருந்தது. அப்படியே நடந்தோம்.

எதிரே வந்த ஒரு அம்மாள் நின்று, "ஏம்மா, இடமாச் சுத்துறீகளே!" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன். "சுவரு எங்களுக்கு இந்தப் பக்கம்."