ஆடி முடியட்டும்

புனேவுக்கு வருகிறாயா இல்லையா என்று தொழிற்சாலையில் கேட்டதும் கழிவறைக்கு ஓடினேன். மறைமலை நகரில் நாங்கள் கார் பாகம் செய்துவந்த பிரிவை மூடுகிறார்கள். புனேவில் அதே வேலை. போகாவிட்டால் வேலை இல்லை. நாற்பத்து மூன்று வயதுக்காரனை வேறு எவன் கூப்பிடுவான்?

அந்த ஊரை எனக்குத் தெரியும். முன்பு பயிற்சிக்கென்று மூன்று நாள் அனுப்பியிருந்தார்கள். இந்தி தெரியாது. ஓட்டலில் போய் ஏதாவது கேட்க நாக்கு எழவில்லை. மூன்று நாளும் வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான். ஒரு சாயங்காலம் ஆட்டோக்காரர் ஏதோ சொல்லிவிட்டு முன்பின் தெரியாத சாலையில் இறக்கிவிட்டுப் போனார். கைப்பேசியில் சார்ஜ் இல்லை, விடுதியின் பெயரும் மறந்துவிட்டது. நடைபாதையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவியிடம் மட்டும், ஊர் பிரமாதம் என்று அளந்துவிட்டேன்.

அதனால் மேலாளரிடம், "ஆடியில் வீடு மாற்ற மாட்டோம் சார். ஆவணி பிறந்ததும் சொல்கிறேன்" என்றேன். அவர் வடக்கத்திக்காரர். ஆடி என்றால் என்ன என்று கேட்டார். மாதம் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ஊரப்பாக்கம் வீட்டில் மனைவி விடவில்லை. "ஆடில வூடு மாத்தக் கூடாதுன்னுதான சொல்லுவாங்க. வரேன்னு வாயால சொல்லக் கூடாதுன்னு எவன் சொன்னான்? இன்னா, பயமா கீதா உனுக்கு?"

"பயமா? எனக்கா?" என்று கத்தினேன். கத்தினால் பயம் வெளியே தெரியாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குக் காலண்டரே பேயாக இருந்தது. தினமும் தாளைக் கிழித்ததும் ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன். நடுவில் ஒரு ஞாயிறு மாமல்லபுரம் போனோம். அலையில் நின்ற மகளிடம் மனைவி, "நல்லா பாத்துக்கோ, அங்க கடல் கெடையாதாம்" என்றாள். நான் சுண்டல் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆவணி முதல் தேதி, "வருகிறேன் சார்" என்று ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். எல்லா இடத்துக்கும் ஆள் எடுத்தாயிற்று, நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்துவிட்டோம் என்றார். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மாடிப்படி இறங்குவதற்குள் புனேவைவிடப் பெரிய பயம், வேலை போன பயம், வந்து பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குள் நுழைந்தால் அவள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆடி முடிந்த காலையிலேயே தொடங்கியிருக்கிறாள். சொன்னேன். வேலை போனதையும், அந்த வாழைப்பழம், நடைபாதை எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன்.

கையிலிருந்த தம்ளரைச் சுற்றாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"எனக்கு மட்டும் பயமில்லியா? இன்னா பாஷ பேசுவாங்கன்னே தெரியாது. நீ பாத்த ஊராச்சேன்னுதான் பொட்டி கட்டுனேன். மின்னாடியே சொல்லிருந்தீன்னா, ரெண்டு பேருமா பயந்துகினே போயிருப்போம்."