பிரிக்காத பெட்டிக்கு முதல் பரிசு

ஜப்பானின் உயெதா நகர மண்டபத்தில் மே மாதம் நடந்த பாக்கெட் ரேடியோ கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய ரேடியோ பாடவில்லை. பாடுமா என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் நடுவர் மேசையை விட்டு எழுந்து போக வேண்டியதாயிற்று.

அந்த நடுவர் மினகாவா தோஷியே என்ற அம்மாள், வயது எழுபத்து நான்கு. பதினாறு வயதில் டிரான்சிஸ்டர் தொழிற்சாலையில் சேர்ந்து ஒன்பது வருடம் ஈயம் பற்றவைத்தவர். இப்போது வீட்டில் நூற்று நாற்பது ரேடியோக்கள். சந்தையில் செத்துக் கிடப்பதைப் பொறுக்கி வருவார். உள்ளே உலர்ந்துபோன கண்டன்சர் என்ற பாகத்தின் பழைய உறையை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே புதியதைச் செருகுவார். ரேடியோ பேசினால்தான் அலமாரியில் இடம்.

கண்காட்சியை நடத்தும் எங்கள் ரேடியோ சேகரிப்பாளர் சங்கம் இந்த வருடம் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தது: பிரிக்காத பெட்டி. அந்தக் காலத்தில் அன்பளிப்புக்கென்று விற்ற பெட்டிக்குள் ரேடியோ, தோலுறை, காதுக்கருவி, பாட்டரி எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஒட்டிய டேப் கிழியாமல் இருந்தால் முழு மதிப்பெண். அறுபது வருடமாக அந்த பாட்டரி உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும் என்று விதி எழுதிய யாருக்கும் தோன்றவில்லை. அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் நானும் உண்டு.

பல் மருத்துவர் குரோய்வாவின் பெட்டியைத் தோஷியே புரட்டிப் பார்த்தார். அடியில் விரல்நுனி அளவு பழுப்புக் கறை, தொட்டால் ஈரம்.

"டாக்டர், பாட்டரி ஒழுகுது. இப்பவே பிரிங்க. இன்னைக்குத் தொடைச்சா பொழைச்சுக்கும்."

"பிரிச்சா பாதி விலைக்குக்கூடப் போகாதும்மா. அந்தக் கறையும் ஒரிஜினல்தான்."

"சொத்தைப் பல்லோட வர்றவங்ககிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா? ஒரிஜினல், தொடாதீங்கன்னு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குரோய்வாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உள்ள ஒழுகுதுன்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"உங்ககிட்டதான் எக்ஸ்ரே மிஷின் இருக்கே. எடுத்துப் பாருங்க."

தோஷியே சுழியம் போட்டுவிட்டு வெளியேறினார். மற்ற இரண்டு நடுவர்களும் முழு மதிப்பெண் போட்டார்கள். கோப்பை குரோய்வாவுக்கு.

திங்கட்கிழமை அவர் உண்மையிலேயே படம் எடுத்தார். பல்லுக்கான சின்னப் படம் என்பதால் மூன்று துண்டுகளாக. அதைத் தோஷியேவிடம் கொண்டு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பாட்டரியின் தகடு வயிறு வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கம்பி பாதியோடு நின்றது.

"ஒரு கம்பி போயிருக்கு. சர்க்யூட் பலகையை இன்னும் அரிக்கல," என்றார் தோஷியே. "கத்தி தரட்டுமா, டாக்டர்?"

"யோசிச்சுச் சொல்றேன்."

அவர் யோசித்தது வேறு. அந்த வாரமே பெட்டியை ஹமாமாத்சுவில் இருக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டார். 'பிரிக்காதது, முதல் பரிசு பெற்றது' என்று விளம்பரம். எக்ஸ்ரே பற்றி ஒரு சொல் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கும் மனிதர் தன் வாயை மூடிக்கொண்டார், சங்கமும் மூடிக்கொண்டது. புது விதிக்கு முதல் வருடமே கெட்ட பெயர் வேண்டாமாம்.

தோஷியே விடவில்லை. வாங்கியவரின் முகவரியைத் தேடிப் பிடித்து விவரமாகக் கடிதம் எழுதினார். பிரித்து அனுப்பினால் காசு வாங்காமல் சரிசெய்து தருகிறேன் என்றும் எழுதினார்.

பத்து நாளில் மரியாதையான பதில் வந்தது. அக்கறைக்கு நன்றி. பெட்டியைப் பிரிக்கும் எண்ணம் இல்லை. கறை மேற்கொண்டு பரவாமல் இருக்க எந்த அலமாரியில், எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைக்கலாம் என்று நீங்கள் ஆலோசனை சொன்னால் நல்லது.

தோஷியே அதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். பிறகு ஓர் அஞ்சலட்டையை எடுத்து நின்றபடியே எழுதினார்:

"எங்கே வைத்தாலும் கீழே ஒரு தட்டு வையுங்கள். ரேடியோ போனாலும் அலமாரியாவது மிஞ்சும்."