அண்ணனின் தோட்டாவும் என் லீக்ஸ் பாத்தியும்

அண்ணன் காலமானபோது சந்தியில் கட்டிய பதாகையில் 'வேட்டைப் புலி' என்று போட்டிருந்தார்கள். கட்டியவர்கள் நல்ல மனதோடுதான் கட்டினார்கள். ஆனால் அண்ணன் வாழ்நாளில் ஒரு பன்றியைக்கூடச் சுட்டதில்லை. ஓராண்டு நினைவுக்கு வருகிறவர்கள் கையில் கிடைக்கும் இந்த மலரிலாவது உண்மை இருக்கட்டும் என்றுதான் எழுத ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் வட்டவளையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறையில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்து மெக்கானிக் ஆனார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னையும் பிள்ளைகளையும் தன் லயத்துக்கே கூட்டிவந்து, பின்பக்கச் சரிவில் வெங்காயத்தாள் ஜாதியான லீக்ஸ் போட இடமும் பிடித்துக் கொடுத்தார். இதுவரைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். இதற்கு மேல்தான் எனக்குக் கோபம்.

அந்தப் பாத்தியை நம்பித்தான் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அதைத்தான் காட்டுப்பன்றி விடியற்காலையில் வந்து கிளறிப்போட்டது.

தோட்டத்து ஆபீசில் ஒரு பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி இருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் சுமந்த ரகம். எந்தக் காலத்திலோ தோட்டத்தை நடத்திய ஒரு துரை அதன் கட்டையை வெட்டிக் குறைத்து வேட்டைக்கு ஆக்கியிருந்தார். பன்றித் தொல்லைக்காக லைசன்சும் இருந்தது. இரும்பு தெரிந்த ஆள் என்று இப்போதைய துரை அதை அண்ணன் பொறுப்பில் விட்டார். வாரக் கடைசியில் பன்றிக்கறி என்று லயமே காத்திருந்தது.

அண்ணன் தோட்டா தேர்வு செய்யத் தொடங்கினார்.

ஆபீசில் கிடந்த பட்டாளத்துத் தோட்டா ஆகாது என்றார். முழுக்கச் செம்பு போர்த்திய கூர்மூக்குக் குண்டு பன்றியின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடுமாம். பன்றி காட்டுக்குள் ஓடி, வதைபட்டுச் சாகுமாம். மூக்கில் ஈயம் தெரிகிற குண்டுதான் உள்ளே போய்க் காளான் மாதிரி விரியும், ஒரே அடியில் முடியும் என்றார். சரி, அதை வாங்குங்கள் என்றேன். அதிலும் இலேசானதா, கனமானதா என்று ஒரு மழைக்காலம் போனது. தேய்ந்த குழலில் இலேசான குண்டு அலையும், நீளமான கனத்த குண்டுதான் நேராகப் போகும் என்று கண்டுபிடித்தார். அதற்குள் என் பாத்தி மறுபடியும் பன்றி வயிற்றுக்குள் போய்விட்டது.

"பாவம் பாக்குறீங்களே அண்ணே, நீங்க குண்டு தேடி முடிக்கிறவரைக்கும் அந்தப் பன்னி பட்டினி கெடக்குமா?" என்று கேட்டேன்.

"தப்பான குண்டப் போட்டா அது பாவம், தங்கச்சி."

"எம்புள்ளைக பட்டினி கெடந்தா?"

அண்ணன் அதோடும் நிறுத்தவில்லை. கடைத் தோட்டாவும் பிடிக்காமல், அனுமதி வாங்கி, வெடித்த பித்தளைக் கூடுகளில் தானே வெடிமருந்து நிரப்ப உட்கார்ந்துவிட்டார். ஹட்டனில் நகைவேலை செய்யும் நண்பரிடம் தராசு இரவல் வாங்கினார். மூச்சுவிட்டால் முள் ஆடும் என்று மதினியை வெளியே அனுப்புவார். மருந்து வெளியே இருக்கும்போது அடுப்பு மூட்டக்கூடாது. ஆகையால் அன்றைக்கெல்லாம் எங்களுக்குக் கடையில் வாங்கிய பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான்.

நிரப்பியதை ஈரச் சாக்கு மூட்டையில் சுட்டு, விரிந்த குண்டைத் தோண்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதை எடுத்துக் காட்டி, பன்றிக்குள்ளே இது என்ன செய்யும் என்று விளக்கினார். மாப்பிள்ளையின் அப்பா மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. சீர் பற்றிப் பேச்சே எழவில்லை. அந்தக் குண்டுகளால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஒருவழியாகத் தோட்டா தயாரானது. எங்கள் தொழிற்சாலையில் புது பெல்ட் வந்தாலும் புது ரோலர் வந்தாலும், இயந்திரங்களுக்குக் காவலாக இருக்கும் ரோதைமுனிக்கு முன்னால் வைத்து, எண்ணெய் தடவிச் சந்தனம் வைத்த பிறகுதான் ஓட்டுவார்கள். அண்ணன் தோட்டாக்களையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். பூசாரி குறை வைக்காமல் நல்லெண்ணெய் ஊற்றினார்.

மறுநாள் விடியற்காலை பன்றி வந்தது. அண்ணன் குறிபார்த்தார். நான் பின்னால் நின்றேன். 'டிக்' என்றது. பன்றி தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தது. தோட்டாவை மாற்றினார். மறுபடியும் 'டிக்'. பன்றி குனிந்து சாப்பாட்டைத் தொடர்ந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மழைத்தண்ணீர் ஓடும் கானில் கிடந்த கூரைத் தகரத்தை எடுத்து மண்வெட்டிப் பிடியால் அடித்தேன். பன்றி குட்டிகளோடு ஓடிவிட்டது.

அண்ணன் வரப்பில் உட்கார்ந்து தோட்டாவின் அடிப்பாகத்தை முகர்ந்தார். எண்ணெய் ஊறி, உள்ளே பொறி தட்டும் மருந்து செத்துப்போயிருந்தது.

"தோட்டாவுல ஒரு கொறையும் இல்ல. சாமிக்குத்தான் துப்பாக்கி பத்தித் தெரியல" என்றார்.

"நாளைக்கித் தகரத்தோட வாங்க" என்றேன்.

வந்தார். படுக்கையில் விழும்வரை ஒரு விடியற்காலைகூடத் தவறவிடவில்லை. மழையிலும் பனியிலும் என் பக்கத்தில் நின்று தகரம் அடித்தார். அடித்துக்கொண்டே அடுத்த குண்டைப் பற்றிப் பேசி என் காதைத் தின்றார். பாத்தி பிழைத்தது. பிள்ளைகள் படித்து ஆளானார்கள்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டார், "தகரம் யாரு அடிக்கிறா?"

"நாந்தான்."

"கையத் தூக்கி அடி. சத்தம் கீழ ஓடைக்குக் கேக்கணும்."

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காவல் இருந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், வாகனம் தந்த துரைக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். துப்பாக்கியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டோம். ஹட்டன் நண்பரின் தராசும் திரும்பப் போய்விட்டது. இனி அந்த நண்பர் அதைத் தேடி யாரிடமும் கேட்க வேண்டாம். பதாகை கட்டியவர்கள் அதை அவிழ்த்துவிடலாம்.

இன்றைய சாப்பாட்டில் இருக்கும் லீக்ஸ் அந்தப் பாத்தியில் விளைந்தது. தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். அண்ணன் அதற்காகக் காலமெல்லாம் பன்றியோடு சண்டை போட்டார், தகரத்தை வைத்துக்கொண்டு.

தங்கை