ஒன்பது சுத்து

மாமா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் இன்னும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "நேர்மைன்னா அவருதாங்க." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நேர்மையாம், பெரிய நேர்மை! அந்த நேர்மையை இடுப்பில் சுமந்தது எங்க அக்கா.

மாமா என்றால் அக்காவின் புருஷன். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் வேலை. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவர் அறுபது வயதுவரை செய்தது ஒரே வேலை. நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். தெரு முனையில் குழிக்குள் இருக்கும் வால்வைத் திருகித் தண்ணீர் திறந்துவிடுவார். ஊரில் அவர் பெயரே 'தண்ணிக்காரர்'. புதிதாகக் குடிவந்தவர்கள், "பார்த்தா தெரியலையே, தினமும் குடிப்பாரா?" என்று அக்காவிடமே வந்து விசாரிப்பார்கள். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன் அவர்.

ஒவ்வொரு வால்வுக்கும் இத்தனை சுத்து என்று உண்டு. ஆஸ்பத்திரித் தெருவுக்கு எட்டு. எங்கள் தெரு கடைசி, கொஞ்சம் மேடு. அதனால் பன்னிரண்டு. கல்யாணமான புதிதில் அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் டீக்கடையில் தபால்காரர் சும்மா இருக்காமல், "புதுப் பொண்டாட்டி வந்ததும் கடைசித் தெருவுக்குத் தண்ணி குதிச்சுக்கிட்டு வருதே!" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வேறு யாராவது என்றால், "ஆமாய்யா, உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்திருப்பார்கள். மாமா ஒரு சொல் பொறுக்காதவர். மறுநாள் எங்கள் தெருவுக்கு ஒன்பது சுத்தோடு நிறுத்தினார். சாயங்காலத்துக்குள் தபால்காரர் அதை மறந்தே போயிருப்பார். மாமா முப்பத்தாறு வருஷம் மறக்கவில்லை.

இது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "கடைசித் தெரு, அதுவும் மேடு. நான் என்ன பண்றது?" தெருவில் இருந்த பதினெட்டு வீடும் அதை நம்பின. குழாயில் நூல் மாதிரி ஒழுகும், அரை வாளி நிறைவதற்குள் நின்றுவிடும். அக்கா ஆஸ்பத்திரித் தெரு பம்புக்குப் போவாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி, ஒரு நாளைக்கு ஆறு நடை. பக்கத்து வீட்டில் இருந்த நானும் வெட்கமில்லாமல் அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு வாங்கிக் குடித்தவன்தான்.

அக்காவுக்கு முழங்கால்வரை முடி. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை, அதையும் என்னிடம் மட்டும்தான் சொல்வாள். "ஒரு நாளாவது நம்ம வீட்டுக் குழாய்க்கு அடியில உட்கார்ந்து தலை குளிக்கணும்டா. மொண்டு மொண்டு ஊத்தாம, அது பாட்டுக்குத் தலையில கொட்டணும்."

எனக்குப் பொறுக்காது. "ஏன் மாமா, ஊருக்கெல்லாம் விடுறீங்க, சொந்த வீட்டுக்கு வழியில்லையா?" என்று சண்டைக்குப் போவேன்.

"சொந்த வீடுன்னா தனிச் சட்டமா?" என்பார்.

அக்கா குறுக்கே வருவாள். "விடுடா. அவருக்குத் தெரியாததா?"

ஐம்பத்தைந்து வயதில் அவள் இடுப்பு விட்டுப்போனது. "மூட்டை தூக்குற வேலையா பார்த்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அக்கா எழுந்திருக்கவே இல்லை. முன் அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே பத்தடியில்தான் அந்த வால்வுக் குழி.

மாமா ஓய்வு பெற்ற மறுநாள் காலை புது ஆள் வந்தான். நான் அக்காவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன், மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த வால்வு ஒவ்வொரு சுத்துக்கும் கிறீச் என்று கத்தும். அக்காவின் உதடு அசைவதைப் பார்த்தேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் குழாய் சீறியது, அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்து உருண்டது. ஓடிப் போய்ப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது அக்கா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு," என்றாள்.

மாமா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "உனக்கு... தெரியுமா?"

"காது இருக்குல்ல? வந்த புதுசுல பன்னெண்டு கேட்கும். அப்புறம் தினமும் ஒன்பதுல நிக்கும். இன்னிக்குப் பத்தாவது கேட்கும், இன்னிக்குக் கேட்கும்னு படுத்திருப்பேன்."

"ஏன் என்னைக் கேட்கலை?"

"கேட்டு வாங்குற தண்ணியா அது? நீங்களா விடுவீங்கன்னு இருந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்குள் அவர் தரையில் உட்கார்ந்து தேம்ப ஆரம்பித்துவிட்டார். "இப்ப வருதுல்ல, நான் தூக்கிட்டுப் போறேன். குழாய்க்கு அடியிலயே உட்கார வச்சு..."

அக்கா தலையைத் தடவிக் காட்டினாள். படுக்கையில் கிடந்து சிக்கு விழுகிறது என்று போன வருஷமே முடியை ஒட்ட வெட்டியிருந்தோம். "இதுக்கு ஒரு செம்பு போதும்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னாள், பாவி.

நாலு மாதத்தில் அவள் போய்விட்டாள். மாமா இருபத்திரண்டு வருஷம் இருந்தார். அவரைச் சாப்பிட வைத்தேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன், முகம் கொடுத்துப் பேசியதில்லை. தினமும் விடியற்காலையில் அதே கட்டிலில் படுத்து விரல் மடக்கி எண்ணுவார். பன்னிரண்டானதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பின்கட்டில் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்.

கடைசி நாள் காலையிலும் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டிருந்தா விட்டிருப்பேன்டா. அதை அவ நம்பியிருப்பாளா?"

"நம்பியிருப்பா மாமா" என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அந்த மனுஷன் காத்துக்கிடந்தார். என்னைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்? நான் கையை உருவிக்கொண்டு டீ போடப் போனேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

நானும் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன்.